உங்களுக்குத் தெரியுமா? – விளக்கடியில் காத்திருக்கும் வீட்டுப் பல்லி

அந்தி சாய்ந்து வாசல் விளக்கைப் போட்டதும் பூச்சி வரும். பின்னாலேயே பல்லி வரும். சுவர்க்கடிகாரத்தின் பின்னால், காலண்டருக்கு அடியில், பரணில் அடுக்கிய அட்டைப்பெட்டி இடுக்கில் பகலைக் கழித்துவிட்டு, இரவு வேலைக்கு வரும் ஆளைப்போலத் தன் இடத்தில் வந்து நிற்கும். அதன் குரலைச் சகுனமாகக் கேட்டிருக்கிறோம். விஷம் என்று பயந்திருக்கிறோம். துடைப்பத்தை எடுத்து விரட்டியும் இருக்கிறோம். பொறுமையாக உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள் குறைவு. அப்படிப் பார்த்தவர்கள் கண்டறிந்தவற்றில் சில இங்கே.

1. அரை விரல் பல்லி

நம் வீடுகளில் அடிக்கடி தென்படும் வீட்டுப் பல்லியின் அறிவியல் பெயர் ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனேட்டஸ். கிரேக்க மொழியில் 'ஹெமி' என்றால் பாதி, 'டாக்டைலோஸ்' என்றால் விரல். ஜன்னல் கண்ணாடியில் அது ஒட்டியிருக்கும்போது மறுபக்கம் நின்று பாருங்கள். விரலடியில் உள்ள சின்னத் தகடுகள் பலவும் நடுவில் பிளந்து இரு பாதியாக இருப்பது தெரியும். நமக்கு எவ்வளவோ காலமாகப் பழக்கமான இந்தப் பல்லிக்கு அறிவியல் பெயர் பதிவானது 1836-இல், துமேரில், பிப்ரோன் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் எழுதிய நூலில். அதற்கு ஆதாரமாக இருந்த பல்லி ஜாவா தீவைச் சேர்ந்தது.

2. பெரிய குடும்பம்

ஹெமிடாக்டைலஸ் பேரினத்தில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் 40-க்கும் மேற்பட்டவை இந்தியாவில் வாழ்கின்றன. பாறையை நம்பி வாழ்பவை, மரப்பட்டையோடு பட்டையாகக் கிடப்பவை, தரையில் திரிபவை என்று பலவகை. மனிதரின் வீட்டுக்குள் குடிவந்தவை அவற்றில் ஒரு கைப்பிடிதான்.

3. புதுச்சேரிக்கு வந்தவரின் பெயர்

வேப்பமரத்திலும் புளியமரத்திலும் பட்டையின் நிறத்தோடு கலந்து கிடக்கும் மரப்பல்லியின் பெயர் ஹெமிடாக்டைலஸ் லெஷனோல்ட்டி. 1816-இல் புதுச்சேரிக்கு வந்து, அங்கே தாவரவியல் தோட்டம் அமைத்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செடிகளையும் உயிரினங்களையும் சேகரித்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லெஷனோல் தெ லா தூரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பிறகு, அதே 1836 நூலில்தான் இதுவும் பதிவானது.

4. கறையான் புற்றில் குடியிருப்பு

கருப்பும் வெள்ளையும் கரை போட்ட பட்டைகளோடு, சேலை கட்டினாற்போல் இருக்கும் இன்னோர் உறவினர் ஹெமிடாக்டைலஸ் ட்ரையேட்ரஸ். வறண்ட நிலங்களில், கறையான் புற்றுகளின் இடுக்குகளில் தங்குவதால் இதைப் புற்றுப் பல்லி என்று சொல்லலாம். மரத்தில் ஒன்று, புற்றில் ஒன்று, சுவரில் ஒன்று என்று ஒரே ஊருக்குள் பங்கு பிரித்துக்கொண்டு வாழ்கிறது இந்தக் குடும்பம்.

5. பசையே இல்லாத ஒட்டு

பல்லியின் காலில் பசை கிடையாது. உறிஞ்சிப் பிடிக்கும் குமிழும் கிடையாது. விரலடித் தகடுகளில் நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கே உள்ள நுண்ணிழைகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வோர் இழையின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. தென்கிழக்காசியாவின் டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் இழைகள் உள்ளன. அந்த நுனிகள் சுவரை நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே பிறக்கும் வான் டெர் வால்ஸ் விசைதான் பல்லியைத் தாங்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் மிக மெல்லிய விசை. லட்சம் லட்சமாகச் சேரும்போது ஓர் உடலையே தலைகீழாகத் தாங்கும். கெல்லார் ஆட்டம் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2000-இல் ஒற்றை இழையின் பிடிப்பை அளந்தது. 2002-இல் அதற்குக் காரணம் இந்த விசைதான் என்று நிறுவியது.

6. ஒட்டுவதைவிட விடுவிப்பதே வித்தை

ஒட்டிக்கொண்டே இருந்தால் ஓட முடியாதே! ஒவ்வோர் அடி எடுக்கும்போதும் பல்லி தன் விரல்களை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி, ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல் உரித்தெடுக்கிறது. இழையின் சாய்வு ஓர் அளவைத் தாண்டினால் பிடி தானாகவே விட்டுப்போகிறது. ஒரு விநாடிக்குள் பலமுறை ஒட்டி, பலமுறை பிரிந்து ஓடுவதால்தான் அது நம் கண்ணுக்கு வழுக்கிப் போவதுபோல் தெரிகிறது. தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் பரப்பு உலர்ந்திருந்தால் மட்டும் இந்தக் கால்கள் தோற்றுப்போகும்.

7. அரிஸ்டாட்டில் கண்டது

மரங்கொத்தி, தலை கீழாகவும் மேலாகவும் மரத்தில் பல்லியைப்போல ஓடும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அந்தக் கால் வித்தைக்கு விடை கிடைக்க அதற்குப் பிறகு 2300 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

8. விழுந்தால் என்ன ஆகும்?

பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்க்கிறோம். விழுகிற பல்லிக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். தட்டை வால் வீட்டுப் பல்லியான ஹெமிடாக்டைலஸ் ப்ளாட்டியூரஸ், மல்லாந்து விழத் தொடங்கினாலும் வாலை ஒரு சுழற்று சுழற்றி, சுமார் 0.1 விநாடியில் வயிறு கீழே வரும்படி திரும்பிவிடுகிறது. சுவரில் முன்கால் வழுக்கினால் அதே வாலைச் சுவரில் ஊன்றி, ஐந்தாவது காலாகப் பயன்படுத்துகிறது. 2008-இல் வெளியான ஆய்வு இது. வால் இல்லாத பல்லிகள் இந்த இரண்டிலும் தடுமாறின.

9. மோதித் தப்பிக்கும் பல்லி

அதே இனத்தைச் சிங்கப்பூரின் மழைக்காட்டில் கவனித்தபோது இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. உயரத்திலிருந்து தாவும் பல்லி, எதிரே உள்ள மரத்தில் தலையாலேயே போய் மோதுகிறது. மோதிய வேகத்தில் முன்கால்கள் பிடி நழுவி, உடல் வில்லாகப் பின்னுக்கு வளைகிறது. அந்த நொடியில் வால் மரத்தை அழுத்திக்கொள்ள, பின்கால்கள் மட்டும் பிடித்திருக்க, அது விழாமல் நிமிர்ந்துவிடுகிறது. வாலை இழந்திருந்த பல்லிகள் நிற்க முடியாமல் மரத்திலிருந்து விழுந்தன. 2021-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

10. தண்ணீர்மேல் ஓட்டம்

இந்தத் தட்டை வால் பல்லிக்கு இன்னொரு திறமையும் உண்டு: தேங்கிய நீரின்மேல் ஓடும். கால்களால் நீரை அறைந்து மேலெழும்புவது, நீர் ஒட்டாத தோல், நீரின் பரப்பு இழுவிசை, பாம்புபோல் உடலை நெளிப்பது என்று நான்கையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. ஆய்வாளர்கள் தண்ணீரில் சோப்பைக் கலந்து பரப்பு இழுவிசையைக் குறைத்ததும் அதன் வேகம் குறைந்துபோனது. 2018-இல் வெளியான கண்டுபிடிப்பு.

11. வால் அறுவது எப்படி?

பல்லியின் வாலெலும்புகளிலேயே உடைவதற்கென்று கோடு போட்டதுபோல் பலவீனமான இடங்கள் உள்ளன. ஆபத்து வந்தால் அங்கே தசையை இறுக்கித் தானே முறித்துக்கொள்கிறது. அப்படியானால் சாதாரண நாளில் வால் ஏன் கழன்று விழவில்லை? 2022-இல் 'சயன்ஸ்' இதழில் அபுதாபியில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழகக் கிளையைச் சேர்ந்த குழு விடை சொன்னது. வட இந்திய வீடுகளில் காணப்படும் மஞ்சள் வயிற்றுப் பல்லி உள்ளிட்ட பல்லி வகைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். முறியும் இடத்துத் தசை முனைகளில் காளான் வடிவில் நுண்தூண்கள் வரிசையாக நின்றன. அவற்றின் தலையில் மேலும் நுண்ணிய துளைகள். நேராக இழுத்தால் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். வளைத்து முறித்தால் எளிதில் விட்டுவிடும். தினசரி வாழ்க்கைக்குப் போதிய உறுதியும், உயிர்போகும் வேளைக்குப் போதிய நெகிழ்வும் ஒரே இணைப்பில்.

12. முளைத்த வால் பழைய வால் அல்ல

அறுந்த வால் துடிப்பது பகைவனின் கண்ணை ஏமாற்ற. ஆனால் பல்லி கொடுக்கும் விலை பெரிது: வாலில்தான் அது கொழுப்பைச் சேமித்து வைக்கிறது. புதிதாக முளைக்கும் வாலில் எலும்புக் கண்ணிகள் வராது. ஒரு குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும். வீட்டுப் பல்லியின் பிறவி வாலில் சின்ன முட்கள் வளையம் வளையமாக இருக்கும். முளைத்த வால் வழவழப்பாக இருக்கும். உங்கள் வீட்டுப் பல்லி ஒருமுறை பூனையிடம் தப்பியதா என்பதை இந்த அடையாளத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

13. கண்ணுக்கு இமை இல்லை

வீட்டுப் பல்லி கண் சிமிட்டாது. சிமிட்ட இமை இல்லை. கண்ணை ஒரு தெளிந்த சவ்வு மூடியிருக்கும். தூசி படிந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். பல்லி வகைகளின் இரவுப் பார்வை வியக்கவைப்பது. வடமேற்கு ஆப்பிரிக்காவின் டாரென்டோலா சஸாலியே என்ற பல்லி, நமக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியும் மங்கிய நிலவொளியிலும் நிறங்களைப் பிரித்தறிவதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள்.

14. குரல் உள்ள பல்லி

பல்லியினங்களில் பெரும்பாலானவை ஊமை. ஓணான் கத்திக் கேட்டிருக்கிறீர்களா? வீட்டுப் பல்லியின் கூட்டத்துக்குத்தான் குரல் வாய்த்தது. மலாய் மொழியில் அதன் பெயர் 'சிசாக்'. அதன் ஒலியே பெயராகிவிட்டது. 'கெக்கோ' என்று உலகம் வழங்கும் சொல்லும் மலாயில் பிறந்ததுதான். அது டோக்கே பல்லியின் குரல். நம் வீட்டுச் சுவரில் கேட்கும் அந்த 'ச்ச்ச்' பெரும்பாலும் ஆண் பல்லியின் எல்லை அறிவிப்பு: இந்த விளக்கும் இந்தச் சுவரும் என்னுடையவை.

15. சங்ககாலத்திலிருந்து கேட்டவர்கள்

பல்லியின் சொல்லை நிமித்தமாகக் கேட்கும் வழக்கம் நமக்குப் பஞ்சாங்கத்தோடு வந்ததல்ல. பிரிந்து சென்ற தலைவன் வருவானா என்று பல்லியின் குரலுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் பெண்களை நற்றிணையிலும் அகநானூற்றிலும் காணலாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க இன்றும் வரிசை நிற்கிறது. அதே பல்லி வீட்டுச் சுவரில் உயிரோடு இருக்கும்போது கொஞ்சம் பரிவு காட்டுவதும் அந்த மரபுக்குள் அடங்கும்.

16. விஷமா?

இல்லை. வீட்டுப் பல்லிக்கு நஞ்சுப் பையும் கிடையாது, நஞ்சுப் பல்லும் கிடையாது. ஆனால் பாத்திரத்தைத் திறந்துபோடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பல்லியின் எச்சத்தில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அதனால் வரலாம். பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுவது சரி. காரணம் மட்டும் வேறு. எச்சத்தின் முனையில் தெரியும் வெள்ளைப் பொட்டு யூரிக் அமிலம். நீரை வீணாக்காமல் சிறுநீரைக் கட்டியாக வெளியேற்றும் சிக்கனம் அது.

17. பல்லிமிட்டாயின் பெயர்க் காரணம்

பெட்டிக்கடையில் நாம் வாங்கித் தின்ற பல்லிமிட்டாய்க்கு அந்தப் பெயர் வந்தது பல்லி முட்டையின் சாயலால். வீட்டுப் பல்லி ஒருமுறைக்கு இரண்டே முட்டை இடும். கெட்டி ஓடு உள்ளதால் முட்டை எளிதில் காய்ந்துபோகாது. முட்டையிடப்போகும் பல்லியின் மெல்லிய வயிற்றுத்தோல் வழியாக இரண்டு வெண்முத்துகள் தெரியும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சில பெண் பல்லிகள் கழுத்தின் இருபுறமும் உள்ள பைகளில் சேர்த்துவைக்கும்; பார்க்கக் கழுத்து வீங்கினாற்போல் இருக்கும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பிறகு மாதக்கணக்கில் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு முட்டையிடவும் பெண் பல்லியால் முடியும்.

18. ஆணே இல்லாத இனம்

உறவினரான ஹெமிடாக்டைலஸ் கார்னோட்டி இனத்தில் அனைத்தும் பெண்களே. இவை ஆண் துணையின்றியே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். பிறக்கும் குஞ்சும் பெண்தான். இதன் உயிரணுக்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. ஒரே ஒரு பல்லி கப்பலேறிப் போய் இறங்கினாலும் அங்கே ஒரு தலைமுறை தொடங்கிவிடும்.

19. கப்பலேறிய குடும்பம்

கெட்டி முட்டை, சேமித்த விந்து, பசி பொறுக்கும் உடல், இடுக்கில் பதுங்கும் பழக்கம். கப்பல் பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் வீட்டுப் பல்லி இன்று ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள், மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் சில பகுதிகள் வரை பரவியிருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் புள்ளிப் பல்லி ஹெமிடாக்டைலஸ் பார்விமாகுலேட்டஸ், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் குடியேறியிருக்கிறது. வட இந்தியர் நன்கறிந்த மஞ்சள் வயிற்றுப் பல்லிக்கு 1835-இல் பெயர் சூட்டியபோது ஆதாரமாக இருந்த பல்லி கிடைத்த இடம் செங்கடல் கரையின் மஸாவா துறைமுகம்.

20. ஹவாயில் விளக்கு செய்த தீர்ப்பு

1940-களில், உலகப்போர்க் காலத்தை ஒட்டி, வீட்டுப் பல்லி ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சுவர்களில் ஏற்கெனவே வாழ்ந்தது லெபிடோடாக்டைலஸ் லுகுப்ரிஸ் என்ற, பெண்கள் மட்டுமே உள்ள சிறு பல்லி. சில பத்தாண்டுகளில் கட்டடச் சுவர்களில் அதன் எண்ணிக்கை சரிந்தது. ஏன்?

கென்னத் பெட்ரென், டெட் கேஸ் ஆகியோரின் ஆய்வுகள் 1990-களில் விடை தந்தன. விளக்கு எரியும் இடத்தில் பூச்சிகள் ஒரே இடத்தில் குவிகின்றன. பெரியதும் வேகமானதுமான வீட்டுப் பல்லி அவற்றை முதலில் பிடித்துத் தின்றுவிடுகிறது. சிறியதோ அதைக் கண்டதும் ஒதுங்கிப்போகிறது. கைவிடப்பட்ட விமானக் கொட்டகைகளின் வழவழப்பான சுவரில் தடுப்புகளைப் பொருத்திப் பார்த்தபோது, சிறிய பல்லிக்கு ஏற்படும் இழப்பு குறைந்தது. மேடுபள்ளமான மரப்பட்டையில் இரண்டும் இரை தேட இடம் உண்டு. மொழுமொழு சுவரும் ஒற்றை விளக்கும் ஒன்றுக்கு மட்டுமே சாதகம். மனிதன் கட்டிய சுவரும் ஏற்றிய விளக்கும்தான் அந்தப் போட்டியின் தீர்ப்பை எழுதின.

21. தீவுகளின் இழப்பு

மொரீஷியஸ் தீவின் சொந்தப் பல்லிகளான நாக்டஸ் இனங்கள் இன்று முதன்மைத் தீவில் இல்லை. சுற்றியுள்ள குட்டித் தீவுகளில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. இந்த இழப்பில் வந்தேறிய வீட்டுப் பல்லிக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஊரில் கொசு தின்னும் துணை, அங்கே சொந்தக்காரரை வெளியேற்றும் போட்டியாளர். பல்லி மாறவில்லை, அதைக் கொண்டுபோய் இறக்கியது நாம். வெளிநாடு செல்லும் பெட்டியை மூடுமுன் அதன் இடுக்குகளை ஒருமுறை தட்டிப் பார்ப்பது உண்மையிலேயே பயனுள்ள செயல்.

22. பல்லியும் முதலையும்

2009-இல் இந்தோனேசியாவில் ஊழல் ஒழிப்பு ஆணையத்தைக் குறிப்பிட்டு, பல்லி முதலையோடு மோதுவதா என்று உயர் காவல் அதிகாரி ஒருவர் பேசினார். மக்கள் அந்தப் பல்லியைத் தங்கள் அடையாளமாக ஏந்தித் தெருவில் இறங்கினார்கள். இளப்பமாகச் சொன்ன பெயர் எதிர்ப்பின் சின்னமானது.

23. மருந்து என்ற பெயரில்

டோக்கே பல்லி எய்ட்ஸுக்கு மருந்து என்ற வதந்தி பரவியதால், தென்கிழக்காசியாவிலும் வடகிழக்கு இந்தியாவிலும் அது ஏராளமாகப் பிடிக்கப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. 2019-இல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

24. தமிழ்ப் பெயர் பெற்ற பல்லி

நம் வீட்டுப் பல்லியின் மூத்த தாயாதி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. ஆனைமலையில் கிடைத்த ஒரு பல்லி 1875-இல் பெயரிடப்பட்டது. 1933-இல் அதற்கு திராவிடோகெக்கோ என்ற தனிப் பேரினம் அமைக்கப்பட்டது. 2010-இல் அது ஹெமிடாக்டைலஸோடு சேர்க்கப்பட்டது. 2019-இல் இந்திய ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து, அது தனி வம்சம்தான் என்று மீட்டெடுத்ததோடு, ஆறு புதிய இனங்களையும் சேர்த்தார்கள். 5 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே ஹெமிடாக்டைலஸிலிருந்து பிரிந்த கிளை அது.

அந்த ஆறில் ஒன்று மேகமலையின் பெயரைத் தாங்குகிறது. இன்னொன்று, கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரை. கொடைக்கானல் பகுதியின் பல்லிக்கு வைத்த பெயர் 'தொல்பல்லி'. தொன்மையான பல்லி என்று பொருள்படும் தமிழ்ச் சொல், உலக அறிவியலின் பெயர்ப்பட்டியலில் அப்படியே ஏறியிருக்கிறது. வீட்டுப் பல்லி எந்தச் சுவரிலும் பிழைத்துக்கொள்ளும். தொல்பல்லிக்கு அந்த மலை மட்டுமே வீடு. கப்பலேறிப் போய்ப் பிழைக்க அதற்கு வழியில்லை.

25. இன்றிரவே பார்க்கலாம்

ஜன்னல் கண்ணாடியில் பல்லி நிற்கும்போது கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். தொடையில் முத்துக் கோத்தாற்போல் துளை வரிசை இருந்தால் அது ஆண். வயிற்றில் இரு வெண்முத்துகள் தெரிந்தால் முட்டையிடப்போகும் பெண். வால் வழவழப்பா, முள்ளுள்ளதா? விளக்கைப் போட்டதும் நிறம் வெளுக்கிறதா?

ஒரு வேண்டுகோளும் உண்டு. எலிக்கு வைக்கும் பசை அட்டையில் பல்லி சிக்கிக்கொண்டால் பிய்த்து எடுக்காதீர்கள். தோலும் விரலும் கிழியும். சமையல் எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டுத் தேய்த்தால் பசை இளகும், மெல்ல விடுபடும். பசையின்றியே ஒட்டவும் நொடியில் விடுபடவும் தெரிந்த கால்கள் அவை. நாம் வைத்த பசையிலிருந்து விடுபட மட்டும் நம் கை வேண்டியிருக்கிறது.